மலைக் கிராமத்தில் குடும்பத்தோடு ஐந்து நாள்: ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்

கேள்வி இதுதான். பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத மலைக் கிராமம் ஒன்றில் வீடு எடுத்து ஐந்து நாள் தங்கப்போகிறார்கள். நாலு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே முழங்கால் வலி உள்ள பாட்டி. வியூ பாயின்ட்டைத் தவிர அங்கே எல்லோரும் சேர்ந்து பார்க்கவும் செய்யவும் என்னதான் இருக்கும் என்று கேட்கிறார்கள்.

நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று: இணையத்தில் தேடிப் பதினைந்து இடம் குறித்து வைத்திருந்தால் இப்போதே பத்தை அடித்துவிடுங்கள். மலையில் ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், அதையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். பல வருடம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைந்து, காரின் பின் சீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த பயணங்களுக்கு அப்புறம் நான் கற்றுக்கொண்டது இது.

காரணம் சொல்கிறேன். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது, நேரத்தில்தான் போட வேண்டும். வரைபடத்தில் நாற்பது கிலோமீட்டர் என்று காட்டும் இடம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் இரண்டு மணி நேரம். நடைக்கும் அப்படித்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு கணக்கை மலை நடைக்காரர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இது திடமான பெரியவர்களுக்கான கணக்கு. நாலு வயதுக் குழந்தையோடு போனால் அதை இரண்டால் பெருக்குங்கள், வழியில் நத்தை கிடைத்தால் மூன்றால்.

மதியத்துக்குள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக் காற்று மேலே எழும்பும். காலை எட்டு மணிக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்த சிகரத்தைப் பதினொரு மணிக்கு மேகம் மூடிவிடுவது இதனால்தான். கோடைக்கால இடி மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அதனால் அந்தப் புகழ்பெற்ற வியூ பாயின்ட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் விடிந்ததும் போய்விடுங்கள். காற்று அசையாத தெளிந்த இரவு முடிந்தால், குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் தேங்கி அங்கேயே பனிமூட்டமாக நிற்கும், நீங்கள் அதற்கு மேலே நின்றுகொண்டு வெள்ளைக் கடலைப் பார்ப்பதுபோல் பார்க்கலாம். பத்து மணிக்குப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்? என் அனுபவத்தில் பிள்ளைகளை மலையில் கட்டிப்போடுவது நான்கு விஷயங்கள்: தண்ணீர், விலங்கு, இயந்திரம், இருட்டு. இயற்கைக் காட்சி என்பது பெரியவர்களுக்கு. நாலு வயதுக் குழந்தை எந்தப் பள்ளத்தாக்கையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்காது.

தண்ணீரில் தொடங்குகிறேன். எல்லோரும் அருவியைத் தேடித்தான் போவார்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் பெரிய அருவியைவிட, கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் சின்ன ஓடைதான் பிடிக்கும். அங்கே கல்லை அடுக்கி அணை கட்டலாம், இலையில் படகு விடலாம், எந்தப் படகு முதலில் வருகிறது என்று பந்தயம் வைக்கலாம். தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிப் பார்த்தால் அடியில் பூச்சிகளின் இளம் பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டான் பறக்கத் தொடங்கும் முன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்தான் கழிக்கிறது என்பதைப் பத்து வயதுப் பையனிடம் அங்கே வைத்துச் சொன்னால் சாகும்வரை மறக்க மாட்டான். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அது ஒரு வீடு. பாட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி போதும். இரண்டு மணி நேரம் போனதே தெரியாது, கட்டணமும் கிடையாது.

அருவிக்குப் போனால் நேரம் பார்த்துப் போங்கள். சாரலில் வானவில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், ரொம்ப உச்சியில் இருக்கக் கூடாது. ஆகவே கிழக்கு பார்த்து விழும் அருவிக்குக் காலை, மேற்கு பார்த்து விழுவதற்கு மாலை. இதை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துவைத்து, "இப்போது ஒரு வானவில் காட்டுகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டினால் அன்றைக்கு நீங்கள்தான் மந்திரவாதி.

ஆனால் அருவி விஷயத்தில் மட்டும் நான் கறாரானவன். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து சேரலாம். தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, அருவியின் சத்தம் மாறினாலோ, துண்டையும் செருப்பையும் எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள். அருவியின் தலைப்பகுதியில், அதாவது தண்ணீர் விழத் தொடங்கும் இடத்துக்கு மேலே, யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது. அங்கே ஆழம் இருக்காது, பாசி இருக்கும், வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. மலை ஏரியில் படகு ஏறினால் லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காது வரைக்கும் ஏறினால் அளவு பெரிது, வேறு கேளுங்கள். மலைத் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே முதல் நொடியில் மூச்சு திணறும்.

அடுத்தது இயந்திரம். பக்கத்தில் மலை ரயிலோ ரோப் காரோ இருந்தால் ஒரு நாளை முழுசாக அதற்கே கொடுங்கள். பாட்டியும் நாலு வயதும் பத்து வயதும் ஒரே நேரத்தில் ரசிக்கக்கூடிய ஒரே விஷயம் அநேகமாக அதுதான். பல்சக்கர ரயில் என்றால் இன்னும் நல்லது. வழுக்கும் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் நடுவில் பற்கள் வைத்த இன்னொரு தண்டவாளம் போட்டு, இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறும். இப்படி மலையேறிய முதல் ரயில் அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் சிகரத்துக்கு 1869-ல் ஓடியது, ஐரோப்பாவில் முதலாவது 1871-ல் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில். நீலகிரி மலை ரயில் குன்னூர்வரை 1899-லும் ஊட்டிவரை 1908-லும் வந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் அதன் பல்சக்கரப் பாதை, மலையேறும்போது இன்ஜின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஏன் தள்ளுகிறது என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்தால் பெட்டி கழன்றுகொண்டு உருண்டு போகாதல்லவா! எந்த மலை ரயிலாக இருந்தாலும் ஏறும் பயணம் நீளமாக இருக்கும், ஒரு வழிக்கு மட்டும் ரயிலில் போய்விட்டு மறுவழிக்கு வண்டியில் வருவது புத்திசாலித்தனம். போய்வர இரண்டும் ரயில் என்றால் திரும்பும்போது குழந்தைகள் தூங்கிவிடும், அல்லது தூங்காமல் படுத்தும்.

ரோப் காரிலும் ஒரு விஷயம் உண்டு. காரில் மேலே போய், நடந்து கீழே இறங்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வலி உள்ள முழங்காலுக்கு அது நேர்மாறு. ஏறுவது மூச்சை வாங்கும், இறங்குவதுதான் மூட்டை நோகடிக்கும். நடக்கத்தான் வேண்டும் என்றால் ஏறும்போது கொஞ்சம் நடந்துவிட்டு, இறங்கும்போது காரில் வாருங்கள். பாட்டி இரண்டு வழியும் காரில். கைக்குழந்தை இருந்தால் இறங்கும் நேரத்தில் பால் கொடுங்கள். காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகமாக வலிக்கும், விழுங்கினால் விட்டுப்போகும். மலைப்பாதையில் வண்டி இறங்கும்போதும் இதே வைத்தியம்தான், பெரிய பிள்ளைகளுக்குச் சப்ப ஒரு மிட்டாய்.

விலங்கு என்றதும் காட்டுக்குள் ஜீப் சவாரி என்று நினைக்காதீர்கள். ஐந்து மணிக்கு எழுப்பி, ஸ்வெட்டர் மாட்டி, மூன்று மணி நேரம் குலுங்கி, கடைசியில் தூரத்தில் ஒரு மானின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவது நாலு வயதுக்கு ஆகாது. அதற்குப் பதிலாக ஆடு மாடு வளர்க்கும் ஒரு பண்ணைக்குப் போய்ப் பால் கறக்கும் நேரத்தில் நில்லுங்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரிந்த இடம் இருக்கும். கன்றுக்குட்டி விரலை நக்கியதைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தேனீ வளர்ப்பவர், மீன் வளர்ப்புக் குட்டை, தண்ணீரில் ஓடும் பழைய மாவு ஆலை, இப்படி ஏதாவது ஒன்று அக்கம்பக்கத்தில் இருக்கும், இவையெல்லாம் விளம்பரத்தில் வராது. மறக்கக் கூடாத ஒன்று, விலங்கைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதுவும் சாப்பிடக் கூடாது, சானிடைசரை நம்பாதீர்கள். காய்ச்சாத பாலும் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை இந்த வகைக் கிருமிகள் கடுமையாகத் தாக்கும்.

காட்டு விலங்கு எதிர்பாராமல் கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுங்கள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் விலங்கை மறைக்க வேண்டும். முழுசாக மறையவில்லை என்றால் நீங்கள் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறீர்கள், பின்னால் நகர வேண்டும். அப்புறம் குரங்குக்குத் தீனி போடாதீர்கள். ஒருவர் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போவார், அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கும்.

நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். பிள்ளைகளோடு சிகரத்துக்கு நடக்காதீர்கள், ஒரு பொருளை நோக்கி நடங்கள்: மரப்பாலம், குளம், பெரிய பாறை, கைவிடப்பட்ட கட்டடம், எதுவானாலும் சரி. "இன்னும் கொஞ்ச தூரம்" என்பதை இரண்டு முறைக்கு மேல் குழந்தைகள் நம்புவதில்லை. போகும் தூரத்தை முடிவு செய்யும்போது திரும்பி வரும் தூரமும் அவர்கள் காலில்தான் என்று நினைவில் இருக்கட்டும். என் மகளுக்கு ஐந்து வயதில் ஒரு முறை "அவளேதான் துள்ளிக்கொண்டு ஓடுகிறாளே" என்று போய்க்கொண்டே இருந்தேன். திரும்பும் வழி முழுக்க அவளைத் தோளில் சுமந்தேன், மழையும் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து குழந்தை உற்சாகமாக இருக்கும்போதே திரும்பிவிடுவது என் வழக்கம். முன்னால் நடக்கும் பொறுப்பைச் சின்னவருக்குக் கொடுங்கள், கூட்டத்தின் வேகத்தை அவர் முடிவு செய்யட்டும். பெரியவரிடம் வரைபடத்தைக் கொடுங்கள். இரண்டு பேர் கழுத்திலும் ஒரு விசில். வழி தெரியவில்லை என்றால் தேடி அலையாமல் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்று ஊத வேண்டும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். குழந்தையை முதுகில் தொட்டிலில் சுமப்பவர்கள் அதன் கையையும் காலையும் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். நடக்கும் உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் அதற்கு உறைந்துபோகும்.

இடி கேட்டால் நடையை நிறுத்துங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டரில் விழுந்தது என்று தெரியும். முப்பது விநாடிக்குள் என்றால் வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. தனி மரத்தடி கூடவே கூடாது.

இதே கணக்கில் ஒரு விளையாட்டும் இருக்கிறது. எதிரே செங்குத்தான பாறைச் சுவர் தெரியும் இடத்தில் நின்று ஒரு கத்தல். எதிரொலி வரும்வரை விநாடி எண்ண வேண்டும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஆனால் போய்த் திரும்பி வர வேண்டும், எனவே விநாடி ஒன்றுக்கு 170 மீட்டர். இரண்டு விநாடியில் வந்தால் பாறை 340 மீட்டர் தள்ளி இருக்கிறது. பத்து வயதுக்கு இது போதும், ஒரு காலைப் பொழுதே ஓடிவிடும். பக்கத்தில் வீடுகளோ பறவைக் கூடுகளோ இல்லாத இடமாகப் பாருங்கள்.

மழை நாளுக்குக் குகை இருந்தால் அதிர்ஷ்டம். வழிகாட்டியோடு, விளக்குப் போட்டுத் திறந்துவைத்திருக்கும் சுண்ணாம்புக் குகையைத்தான் சொல்கிறேன், ஏதோ ஒரு பொந்துக்குள் நீங்களாக நுழைவதை அல்ல. மழை கனமாக இருந்தால் குகையும் திறந்திருக்காது, முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெளியே கோடையோ குளிரோ, உள்ளே வெப்பநிலை ஏறக்குறைய அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியில் அசையாமல் நிற்கும், அதனால் கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். மேலிருந்து தொங்கும் கல் விழுதுகள் ஒரு விரல் நீளம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும், நம் கையிலுள்ள எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடலாம். இதைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தாங்கள் தொடாதது மட்டுமல்ல, மற்றவர்களையும் அதட்டத் தொடங்கிவிடுவார்கள். குகை இல்லையென்றால் சின்ன ஊர் அருங்காட்சியகமோ வாரச் சந்தையோ பாருங்கள், அதுவும் இல்லையென்றால் வீட்டில் சீட்டுக்கட்டு.

இருட்டைத்தான் யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை, எனக்குக் கேட்டால் ஐந்து நாளில் மிகப் பெரிய விஷயம் அதுதான். நகரத்துப் பிள்ளைகள் பால்வீதியை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நிலவு இல்லாத இரவாக இருந்தால், வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே ஒரு பாயை விரித்து எல்லோரும் படுத்துக்கொள்ளுங்கள், பாட்டிக்குச் சாய்வு நாற்காலி. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதுவரை யாரும் போனை எடுக்கக் கூடாது, ஒரு முறை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச் தேவைப்பட்டால் மேலே சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட் எரிகற்கள், டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட். விடுமுறைத் தேதி உங்கள் கையில் இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளலாம், அந்த நாளில் முழு நிலவா என்பதையும். வெறும் கண்ணுக்குச் சின்னப் பஞ்சுத் துணுக்காகத் தெரியும் ஆண்ட்ரோமிடா, அதாவது நம் பால்வீதி மாதிரி இன்னொரு நட்சத்திரக் கூட்டம், அதிலிருந்து வரும் வெளிச்சம் சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. நிலவு இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம், பைனாகுலரில் நிலவின் பள்ளங்களைப் பாருங்கள். ஆனால் முழு நிலவில் அவை தெரியாது, அரை நிலவில்தான் ஓரத்தில் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும்.

இனி உடம்பு, சுருக்கமாக. 2,500 மீட்டருக்கு மேலே தங்குவதாக இருந்தால் முதல் நாள் எங்கும் அலைய வேண்டாம். தலைவலி, வாந்தி, காரணமில்லாத அழுகை எல்லாம் உயரத்தால் வரும் கோளாறாக இருக்கலாம், அதிகமானால் கீழே இறங்குவதுதான் மருந்து. இதயம், நுரையீரல் சிக்கல் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும், புற ஊதாக் கதிரோ சுமார் பத்து சதவீதம் கூடும், அதாவது குளிர்கிறதே என்று தொப்பி போடாமல் விட்டால் முகம் கருகிவிடும். பருத்தி உடை நனைந்தால் காயவே காயாது, பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பு இரண்டு செட் கையிலேயே இருக்கட்டும். வண்டியில் குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம். கையில் போன் கொடுக்காமல் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், வயிறு முட்டவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். ஓட்டுபவர் இறங்கும்போது கீழ் கியரில் வரட்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டவர் கிடைக்காது.

ஐந்து நாள் என்றால் நான் இப்படிப் போடுவேன்: வந்து சேரும் நாள் எதுவும் இல்லை, இரண்டாவது நாள் ஓடை, மூன்றாவது நாள் ரயில் அல்லது ரோப் கார், நான்காவது நாள் காலை சின்ன நடை, மாலை பண்ணை (பால் கறக்கும் நேரத்துக்காக ஒரு நாளைக்கு ஒரு இடம் என்ற விதிக்கு இது மட்டும் விலக்கு), இரவுகள் எல்லாம் வானம். குகையோ அருவியோ மழையைப் பார்த்து இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

கடைசி நாள் கிளம்பும் முன், மலை மேலேயே ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக்கி மூடிச் சின்னவர் கையில் கொடுத்துவிடுங்கள். இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், உள்ளே அடைத்த மலைக்காற்று அப்படியே இருக்கும். அடிவாரம் வருவதற்குள் யாரும் தொடாமலே அது நசுங்கிப் போயிருக்கும். ஏறும்போது வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏன் பலூன் மாதிரி உப்பியது என்று அப்போதுதான் பத்து வயதுக்கு உறைக்கும்.